விருப்பமாம், ஓய்வாம்!

கதவை மூடுவது முதலாளி. தெருவில் நிற்பது தொழிலாளி. தாளிலோ 'விருப்ப ஓய்வு' என்று எழுதுகிறார்கள்! யாருடைய விருப்பம்? எவருக்கு ஓய்வு? முப்பது வயது நிரம்பாத பிள்ளைகளுக்கா?

இருங்காட்டுக்கோட்டைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்திருக்கும் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே, ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்திட்டு, தொகை பெற்று வெளியேறியிருந்தனர். அவர்களை நாம் குறை கூறோம். வீட்டு வாடகையும் வட்டிக்காரனும் வாசலில் காத்திருக்கையில் எவன் சட்டம் படிப்பான்?

படித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். வேலை இழந்தோருக்கு உதவித்தொகை தர, ஈ.எஸ்.ஐ.யில் 2005-இல் ஒரு திட்டமும் 2018-இல் இன்னொன்றும் வந்தன. ஆட்குறைப்புக்கு ஆளானவர் அதைக் கேட்கலாம். விருப்ப ஓய்வு பெற்றவர் கேட்க முடியாது! ஆட்குறைப்பு இழப்பீடு, அதாவது பணியாற்றிய ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம், பெற்றதை விண்ணப்பத்தில் மறைக்கத் தேவையில்லை. அது சட்டம் தந்த காசு. வேலை பறிபோனதற்குச் சாட்சியும் அதுவே. குறுக்கே நிற்பது தொகையல்ல, அதற்குச் சூட்டிய பெயர்.

ஆகவே தோழர்களே, காசோலையைப் பார்க்குமுன் தாளின் தலைப்பைப் பாருங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் சங்கத்தில் காட்டுங்கள். அதுவரை பேனா சட்டைப்பையிலேயே இருக்கட்டும்!