வீட்டு முற்றத்தை வைபவங்களுக்கு வாடகைக்கு விடுதல்

தோட்டத்தில் ஒரு திருமணம் என்றால் கோயில் திடலில் பந்தல் எழும். பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் கீற்று முடைவதும் வாழைமரம் கட்டுவதுமாய் ஊரே கூடிவிடும். இன்றோ தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியோர் பலர். அவர்களுடைய வீடுகளில் நூறு பேருக்கு இலை போட இடமில்லை. பெரிய மண்டபங்களின் வாடகையோ கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே, வீட்டைச் சுற்றிச் சற்று நிலமுள்ளவர்கள் அதனை நிச்சயதார்த்தம், காது குத்து, பிறந்தநாள் போன்ற சிறு வைபவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுப் பொருள் ஈட்ட வழியுண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். தோட்ட நிருவாகம் தந்துள்ள வீடு தொழிலாளியின் சொத்தன்று. அதன் முற்றத்தை வாடகைக்கு விட அவருக்கு உரிமையில்லை. சொந்தமாக வாங்கிய நிலத்திற்கும் நிபந்தனையுண்டு. தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூவகையாகப் பிரித்துள்ளது. கெரான் எனப்படும் நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். விவசாய நிலம் என்றோ, குடியிருப்புக்கு மட்டும் என்றோ குறிக்கப்பட்டிருந்தால், மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டறியாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. நிபந்தனையை மீறிய நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. கூரை போடுவதற்கும் வாணிப உரிமத்திற்கும் ஊராண்மைக் கழகத்தின் அனுமதி தேவை.

தொழிலைத் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தல் வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு பெயர் சூட்டினால் 60 வெள்ளி. 18 வயது நிரம்பிய குடிமக்களே அன்றி, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் பதிவு செய்யலாம். இதனை அறியாமல் பின்வாங்குவோர் நம்மிடையே இருக்கக்கூடும்.

இனி, கணக்குக்கு வருவோம். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, இரண்டு கழிவறைகள் ஆகியவற்றிற்கு 12,000 வெள்ளி செலவானது என்று கொள்வோம். ஒரு வைபவத்திற்கு வாடகை 400 வெள்ளி. மின்சாரம், தண்ணீர், துப்புரவுக் கூலி ஆகியவற்றிற்கு 110 வெள்ளி. உரிமம், பழுது பார்த்தல் ஆகியவற்றிற்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி. ஆண்டில் 20 வைபவங்கள் நடந்தால் 4,800 வெள்ளி மிஞ்சும். போட்ட முதல் இரண்டரை ஆண்டுகளில் திரும்பும். பத்தே நடந்தால் மிஞ்சுவது 1,900 வெள்ளி; முதல் திரும்ப ஆறாண்டுகளுக்கு மேலாகும். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் நம்மவர் திருமணம் செய்வதில்லை என்பதையும் மறக்கலாகாது. எனவே 55 வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணம் முழுவதையும் கூரையாக மாற்றிவிடுவது எமக்கு உவப்பானதன்று. முதலாண்டில் பந்தலையும் நாற்காலிகளையும் வாடகைக்கு எடுத்து நடத்திப் பார்க்கலாம். கடன் வேண்டுவோர் தெக்குன் நேஷனல் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்கென நடத்தும் ஸ்பூமி திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை.

உறவினர் என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், விருந்தினர் எண்ணிக்கை, வாடகை, முன்பணம், வைபவம் நின்றுபோனால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பன அதில் இருத்தல் நலம். “மாமன் மகன்தானே” என்று வாய்வார்த்தையில் விட்டவர்களின் மனத்தாங்கல் எளிதில் ஆறுவதில்லை. இரண்டு படிகள் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்க.

மலாய், சீன அண்டைவீட்டாரும் இடம் கேட்டு வரக்கூடும். முஸ்லிம்கள் தங்கள் சமையற்காரரையும் பாத்திரங்களையும் கொண்டுவர இசைவளித்தால் அவர்களுக்குத் தயக்கமிராது. ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, இரவு எத்தனை மணிக்கு நிறுத்தப்படும் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். கார்கள் அவர்களது வாசலை அடைத்து நின்றால் அடுத்த புகார் ஊராண்மைக் கழகத்திற்குத்தான் போகும்.

வைபவம் முடிந்த மறுநாட் காலையில் நீங்களே ஒருமுறை சுற்றி வருதல் வேண்டும். பந்தல் துணியின் மடிப்பிலும் எறிந்த குவளைகளிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய்ப் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி, குவளையை எறிந்தவர் விருந்தினரே ஆயினும், பதில் சொல்ல வேண்டியவர் அவ்விடத்தை வைத்திருப்பவரே.