கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல்

கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே பெயர்களை அடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன பலருக்கும் வகுப்பு லீடர் என்றால் இந்த வேலைதான் நினைவுக்கு வரும். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. டீச்சர் வந்ததும் குறிகளை எண்ணி அடி விழும். லீடருக்கு வேண்டியவர்களின் பெயர் ஏன் பட்டியலில் வருவதே இல்லை என்பது வகுப்புக்கே தெரியும், டீச்சரைத் தவிர. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே லீடரைப் போட்டுவிடுவார்கள். ஆக, பல வகுப்புகள் புதிய ஆண்டில் முதலில் பழகிக்கொள்வது ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜூன் மாதத்தின் முதல் நாள்களில் அவர்கள் வகுப்பில் இருப்பதே அபூர்வம். புத்தகக் கட்டுகளைப் பிரித்து எண்ண வேண்டும், சீருடை அளவு பார்க்க வேண்டும், கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் சேர்க்கையை ஏற்ற வேண்டும், வாசலில் நிற்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி எப்போது திறக்கும் என்பதே இப்போது வெயிலின் கையில் இருக்கிறது. 2023-இல் தொடக்கப் பள்ளிகள் ஜூன் 14 அன்றும், 2024-இல் ஜூன் 10 அன்றும் திறந்தன. 2025-இல்தான் ஜூன் 2 என்று சொன்னபடி நடந்தது. இத்தனைக்கும் நடுவே யாராவது வகுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றும். அதனால் லீடர், அதனால் பட்டியல்.

ஆனால் வேறொரு வழி நம்மிடமே இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையம் உருவாக்கிய முறைதான் அதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்குப் போனது. பாடத்தைத் தாங்கிய அட்டைகள் நல்லதா, அவற்றை வரிசைப்படுத்தும் ஏணிப்படி பிள்ளைக்குப் புரிகிறதா, பாடநூல் இல்லாமல் எப்படி என்று அன்று நடந்த சண்டைகள் பல. என் கவனம் அட்டைகளில் இல்லை, அந்த வகுப்பறையின் சுவர்களில் இருக்கிறது.

அங்கே வருகைப் பதிவைப் பிள்ளைகளே போட்டார்கள். சுவரில் தொங்கும் தாளில் தன் பெயரைத் தேடி, அன்றைய தேதிக்கு நேரே குறியிட வேண்டும். பக்கத்தில் காலநிலை அட்டவணை. வெயிலா, மேகமா, மழையா என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து பதிய வேண்டும். அதற்கடுத்து ஆரோக்கியச் சக்கரம்: பல் துலக்கினாயா, குளித்தாயா, நகம் வெட்டினாயா. அறையைச் சுற்றிலும் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகை, அதில் ஆளுக்கொரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். தரையில் பாய், ஆசிரியரும் அதே பாயில்.

இன்னும் எழுத்தே தெரியாத பிள்ளை தினமும் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது என்பது இதில் கிடைக்கும் முதல் லாபம். அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. 'உள்ளேன் ஐயா' சொல்லும் வகுப்பில் வருகை என்பது ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையிலான விஷயம்; மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூட வேண்டியதில்லை. தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதை எல்லாரும் பார்க்கிறார்கள். 'மூணு நாளா காணோம் டீச்சர், காய்ச்சலாம்' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லும். வராதவனைத் தேட ஆள் இருந்தால்தான் அது வகுப்பு. இல்லையென்றால் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் சிலர், அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். தாள்கள் பல இடங்களில் ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளுக்கான அலங்காரமாயின. ஆரோக்கியச் சக்கரத்தில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. தண்ணீர் லாரி வந்தால்தான் குளியல் என்றிருக்கும் தெருவிலிருந்து வரும் பிள்ளையை, எல்லார் முன்னாலும் 'குளிக்கவில்லை' என்று முள்ளைத் திருப்பச் சொல்வது சுத்தப் பழக்கமா, அவமானமா? நகவெட்டி ஒன்றை வகுப்பில் வைத்து, தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே வெட்டிவிட்டால் போதுமே.

முதல் நாளின் தோல்வியைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் நேர்மையானது கிஜுபாய் பதேகாவின் 'திவாஸ்வப்னா'. வழக்கறிஞராக இருந்து ஆசிரியரானவர், பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கியவர். 1930-களில் குஜராத்தியில் வந்த அந்தப் புத்தகம் 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. கதையில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பில் பரிசோதனை செய்ய அனுமதி வாங்கி, ஆசை ஆசையாகத் திட்டம் போட்டுக்கொண்டு போகிறார். அமைதி விளையாட்டோடு தொடங்கலாம் என்பது திட்டம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள், அவரைப் போலவே செய்து காட்டுகிறார்கள். வேறு வழியின்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் அவர் கையில் எடுப்பது கதை. எந்த மிரட்டலுக்கும் அடங்காதவர்கள் கதைக்காகத் தாமாகவே அடங்குகிறார்கள். அமைதியை முதலில் கேட்டார், கிடைக்கவில்லை. அமைதி தேவைப்படும் ஒன்றைக் கொடுத்தார், கிடைத்தது. ஜூன் முதல் வாரத்தில் 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று தொடங்கும் எந்தப் பள்ளிக்கும் அந்த முதல் அத்தியாயம் பொருந்தும்.

ஆனால் கதை மட்டும் போதாது. ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத் தெரியாதவை என்னென்ன என்று யோசித்துப் பாருங்கள். செருப்பை எங்கே விடுவது, தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது, பென்சில் முனை உடைந்தால் யாரிடம் போவது, ஒண்ணுக்கு வந்தால் எப்படிக் கேட்பது, சாப்பிட்ட தட்டை எங்கே கழுவுவது. நாம் இவற்றை வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு, மறுநாள் 'சொன்னேனா இல்லையா' என்று கோபப்படுகிறோம். பாடத்தைப் போலவே இதையும் செய்து காட்டி, செய்யச் சொல்லி, திரும்பவும் செய்யச் சொல்லித்தான் பழக்க முடியும். இரண்டு வாரம் போகும். பாடம் பின்தங்குகிறதே என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தாலும், இந்த இரண்டு வாரம் ஆண்டு முழுக்க மிச்சமாகும் நேரம். ஈராசிரியர் பள்ளிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா வகுப்பும் ஒரே அறையில் இருப்பதால், மூன்றாம் வகுப்பு அக்கா புதிதாக வந்த தம்பியைக் கைப்பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய்விடுவாள்.

கேட்கத் தெரியாத, கேட்க வெட்கப்பட்ட பிள்ளை முதல் வாரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிடும். ஆண்டுதோறும் நடப்பதுதான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கும் முன், ஆசிரியர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பேச்சோடு பேச்சாகத் துடைத்துவிட்டு, மாற்று டவுசர் ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அந்த வகுப்பின் குணம் அங்கே பாதி முடிவாகிவிடும். ஆயாவைக் கூப்பிட்டுக் கத்தினாலும் முடிவாகிவிடும், வேறு மாதிரி.

துடைப்பம் யார் கையில் என்பதும் முதல் வாரத்தில்தான் முடிவாகிறது. கவனித்திருப்பீர்கள்: பெண் பிள்ளைகள் பெருக்குவார்கள், ஆண் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்குவார்கள். சில ஊர்களில் அந்தப் பிரிவினை பாலினத்தோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளைத்தான் கழிவறைப் பக்கம் அனுப்புவார்கள். கழிவறை எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. மற்ற வேலைகளுக்குப் பெயர்ச் சீட்டுகளைச் சுவரில் மாட்டி, வாரந்தோறும் ஒரு இடம் நகர்த்தினால், பெருக்குவதும் மணி அடிப்பதும் எல்லாருக்கும் வரும். லீடர் பதவியும் அந்தச் சுழற்சியில் ஒரு சீட்டாகிவிட்டால் 'பேசியவர்கள்' பட்டியலுக்கு உயிர் இருக்காது. இந்த வாரம் பெயர் எழுதுபவன் அடுத்த வாரம் எழுதப்படுபவன்.

உட்காரும் இடமும் இப்படித்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. சிறிய யோசனைபோல் தெரியும். ஆனால் யார் பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால், ஊர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே வகுப்பும் பிரியும். 2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கை பற்றிய சுற்றறிக்கை வந்தபோது கழுத்து வலிக்கும், அறையில் இடமில்லை என்றெல்லாம் விவாதம் ஓடியது. கடைசி பெஞ்ச் இல்லாமல் போவதைவிட, கடைசி பெஞ்சில் எப்போதும் அதே ஆள்கள் இல்லாமல் போவது முக்கியம் என்பது என் கட்சி. வாரம் ஒரு வரிசை மாறினால் போதும். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம்.

இன்னொரு பிரிவினை பாடத்தின் பெயரிலேயே வருகிறது. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பதற்கு அது தேவைதான். ஆனால் பூக்களின் பெயர் வைத்தாலும், எது 'ஒண்ணும் தெரியாத' குழு என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டுக்கும் கதைக்கும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, எழுதும் நேரத்துக்கு மட்டும் பிரிந்து, பிறகு மறுபடி ஒன்றாகும் வகுப்பில் அந்தக் கண்டுபிடிப்புக்கு வலு குறைவு.

காலை உணவுத் திட்டம் இதற்கெல்லாம் எதிர்பாராத ஒரு இடத்தைத் தந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட அந்த உப்புமாவும் கிச்சடியும், முதல் மணிக்கு முன்பே பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைக்கின்றன. தட்டை யார் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் யார் ஊற்றுவது, எல்லாருக்கும் வைத்த பிறகு சாப்பிடுவதா வைக்க வைக்கவா என்று பழக்கிக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. பல பள்ளிகளில் ஆசிரியர்கள் அந்த நேரத்தில் மேற்பார்வை மட்டும் பார்க்கிறார்கள். வரிசையில் ஒரு தட்டோடு உட்கார்ந்துவிட்டால், பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய வீட்டுச் செய்திகளை எந்தப் பதிவேடும் தராது.

இந்த வழக்கங்கள் பழகிவிட்டனவா என்பது ஜூனில் தெரியாது. ஆகஸ்டில் ஒரு நாள், திருப்பூரிலோ சென்னைப் புறநகரிலோ, பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகள் ஒருத்தி தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் வகுப்பு வாசலில் நிற்பாள். அன்று ஆசிரியர் பேசாமல் பின்னால் நின்று பார்க்கலாம். அந்த வாரச் சுழற்சியில் புதியவர்களுக்குத் 'துணை' என்ற சீட்டு யாருக்கு விழுந்திருக்கிறதோ, அவன் எழுந்து போய்ச் செருப்பு விடும் இடத்தைக் காட்டி, காலநிலை அட்டவணையில் சூரியனைத் தொட்டுக் காட்டி, வருகைத் தாளின் கடைசியில் அவள் பெயருக்கு ஒரு கட்டம் போடச் சொல்லி டீச்சரைக் கூப்பிடுகிறானா என்று. கூப்பிடவில்லையென்றால் மறுநாள் காலை மறுபடி செருப்பிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போதும் எப்படியும் இரண்டு நாள் அதற்குத் தேவைப்படும்.