எடை ஏறும், தசை கரையும்

கல்லீரல் தழும்பேறும் சிரோசிஸ் நோய் முற்றி மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருப்பவரின் ஊட்டத்தை எடைப்பொறி சொல்லாது. வயிற்றிலும் காலிலும் நீர் கோக்கக் கோக்க எண் ஏறும். அதே நாட்களில் தோளிலும் தொடையிலும் தசை கரைந்துகொண்டிருக்கும். விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் மண் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது காய்ந்த பிறகே தெரியும்.

நோயாளியைக் காயவைக்க முடியாது என்பதால் மருத்துவர் நீரின் எடையைக் கழித்துப் பார்க்கிறார். வயிற்றில் நீர் குறைவாக இருந்தால் எடையில் 5 விழுக்காடு, நடுத்தரமானால் 10, மிகுதியானால் 15. இரு கால்களும் வீங்கியிருந்தால் கூடுதலாக 5. மீதி இருப்பது உலர் எடை. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 60 கிலோ காட்டினால் உடல் நிறை குறியீடு 22, குறையேதும் தெரியாது. வயிறு நிறைய நீரும் கால் வீக்கமும் உள்ளவரானால் அவரது உலர் எடை 48 கிலோ, குறியீடு 17.6. இது எடைக்குறைவைக் குறிக்கும் 18.5 என்ற எல்லைக்குக் கீழ். ரத்தத்தில் அல்புமின் அளவும் இங்கே நம்பகமான சான்று அல்ல. அதைச் சுரப்பதே கல்லீரல் என்பதால், நன்றாகச் சாப்பிடுபவருக்கும் அது குறையும்.

1964-இல் சைல்டு, டர்காட் என்ற இரு அறுவை மருத்துவர்கள் கல்லீரல் நோயைத் தரம்பிரித்தபோது, ஐந்து அளவுகோல்களில் ஒன்றாக நோயாளியின் ஊட்டநிலையையும் வைத்தனர். 1973-இல் பியூ குழுவினர் அதை எடுத்துவிட்டு ரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தனர். ஊட்டநிலையை எண்ணாக்குவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் மாற்றுக்கான முன்னுரிமையைத் தீர்மானிக்கப் பின்னர் வந்த மெல்ட் (MELD) மதிப்பெண்ணிலும் அதற்கு நேரடி இடம் இல்லை. எனவே மதிப்பெண் தாளில் தேறியவர், அறுவைக்குப் பின் தொற்றாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீளும் நாட்களாலும் தோற்றுப்போகலாம்.

அளப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மேற்கையின் நடுச் சுற்றளவுக்கு ஒரு நாடா போதும். கைப்பிடி வலிமையை அளக்க ஒரு சிறு கருவி உண்டு; ஆசியர்களில் ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் தசை பலவீனம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எடுக்கும் நேரமும் பயனுள்ளது. மாற்று அறுவைக்காக எப்படியும் எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே இடுப்பு முதுகெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பைக் கணக்கிடலாம். ஒன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஊட்டநிலை திரும்ப மதிப்பிடப்பட வேண்டும்.

மெலிவுக்கு நோய் பாதிக் காரணம், பத்தியம் மீதிக் காரணம். நீர் வயிற்றை அழுத்த, இரண்டு கவளத்திலேயே போதும் என்றாகிறது. இரவில் சேமிப்புச் சர்க்கரையைக் கொடுக்கக் கல்லீரலால் முடியாததால், ஓர் இரவுப் பட்டினியே மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமமாகி, உடல் தன் தசையையே எரிக்கிறது. இதற்கு மேல் வீட்டில் முட்டை, பருப்பு, பால் எல்லாம் நிறுத்தப்படுகின்றன. கடலையும் முந்திரியும் விளையும் விருத்தாசலம் வட்டாரத்திலேயே "வேர்க்கடலை பித்தம்" என்று காமாலைக்காரரிடமிருந்து அது விலக்கப்படுவதுதான் வேடிக்கை. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல் நேர்மாறானது: உலர் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 48 கிலோ உள்ளவருக்கு அது 58 முதல் 72 கிராம் புரதம். நோயால் மனக்குழப்பம் வந்தாலும் புரதத்தை நிறுத்தக் கூடாது. படுக்கும் முன் 50 கிராம் மாவுச்சத்து, அதாவது ஏறத்தாழ மூன்று இட்லியும் ஒரு டம்ளர் பாலும், இரவுப் பட்டினியை முறிக்கும். உப்பைக் குறைப்பது அவசியம். சாப்பாடே இறங்காத அளவுக்குக் குறைத்தால் நட்டம். மிகவும் மெலிந்தவருக்கு உணவை ஒரேயடியாகக் கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து ஆபத்தாகும் என்பதால், மருத்துவமனைக் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

மாற்று அறுவைக்காக விருத்தாசலத்திலிருந்து செல்வோருக்குப் புதுச்சேரி ஜிப்மர், சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகியவை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் அடங்கும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கான பதிவைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் செய்யும். இடைத்தரகருக்கு அதில் வேலையில்லை. மெலிவை மட்டும் காரணம் காட்டி ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதை வல்லுநர்கள் ஏற்பதில்லை. எனவே அப்படிச் சொல்லப்பட்டால், எந்த அளவீட்டின் அடிப்படையில் என்று கேட்கலாம். உணவு ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லலாம். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. காப்பீடு மறுக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். சிகிச்சைக் குறைபாடு பற்றிய புகாருக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது.