மோட்டார் ஹோம்: எந்த வகை யாருக்கு ஏற்றது?

வீட்டு வசதிகளோடு ஓடும் வண்டிகளான மோட்டார் ஹோம்களை அமெரிக்காவில் ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஏ மிகப் பெரியது, பி மிகச் சிறியது, சி இரண்டுக்கும் நடுவில். எந்தச் சேஸியின்மேல் (வண்டியின் அடிச்சட்டம்) எப்படிக் கட்டப்பட்டது என்பதுதான் இந்தப் பிரிவுக்கு அடிப்படை.

ஏ வகுப்பு, பேருந்தைப் போலத் தட்டையான முகம் கொண்டது. வெறும் சேஸியை வாங்கி, அதன்மேல் கூட்டை முழுவதுமாகப் புதிதாகக் கட்டுவார்கள். பல வண்டிகள் 30 அடியைத் தாண்டும். 45 அடி வரையும் உண்டு. தனிப் படுக்கையறை, வசதியான குளியலறை, வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் சுவர் எல்லாம் இருக்கும். எரிபொருள் லிட்டருக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர்தான் கொடுக்கும். கலிபோர்னியாவில் 40 அடிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டத் தனி உரிமம் வேண்டும். காய்கறி வாங்கக்கூட இதை நகர்த்த முடியாது என்பதால், பலர் ஒரு சிறிய காரைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். ஓய்வு பெற்ற பின் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குவோருக்கு இது பொருந்தும்.

பி வகுப்பு என்பது மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ராம் புரோமாஸ்டர், ஃபோர்டு டிரான்சிட் போன்ற வேன்களுக்குள்ளேயே வீட்டை அமைப்பது. ஓட்டுவது எளிது, எரிபொருளும் ஏ வகுப்பைப் போல இருமடங்கு தூரம் கொடுக்கும். ஆனால் கழிப்பறையும் ஷவரும் பெரும்பாலும் ஒரே சிறு அறைக்குள் இருக்கும். குளித்து முடித்ததும் கழிப்பறை இருக்கையைத் துடைத்தாக வேண்டும். பல வண்டிகளில் இரவுதோறும் இருக்கைகளை மடக்கித்தான் படுக்கை விரிக்க வேண்டும். இருவருக்கு இது போதும், நான்கு பேருக்கு நெருக்கடி. உருவம் சிறியது என்று விலையும் குறைவாக இருக்காது. பல பி வகுப்பு வண்டிகள் தம்மைவிடப் பெரிய சி வகுப்பு வண்டிகளைவிட விலை கூடியவை.

சி வகுப்பில் வேனின் ஓட்டுநர் பகுதி அப்படியே இருக்க, பின்னால் வீட்டுப் பகுதியைப் பொருத்துவார்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைதான் இதன் அடையாளம். குழந்தைகளுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். குடும்பத்தோடு செல்வோர் முதலில் பார்க்க வேண்டிய வகை இதுவே.

பலர் உள்ளலங்காரத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். போகப்போகும் சாலையை முதலில் பார்ப்பதே சரி. மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற ‘கோயிங் டு தி சன்’ சாலையில், மலையேறும் பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பம்பரும் பக்கக் கண்ணாடியும் இந்த அளவில் சேரும். ஏ வகுப்பு நுழையவே முடியாது, சி வகுப்பில் பெரும்பாலானவையும் முடியாது. பி வகுப்பிலேயே நீளமான வேன்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். தேசியப் பூங்காக்களில் பல முகாம்களுக்கும் நீள வரம்பு உண்டு.

அடுத்தது எடை. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சொல்லும் சீட்டு வண்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும். 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் தண்ணீரே 150 கிலோ. பெரிய வண்டி நிறையத் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அலமாரிகளும் நகரும் சுவர்களுமே எடையைத் தின்றுவிட்ட வண்டிகள் உண்டு. படுக்கை ஆறு பேருக்கு இருந்தும் சீட் பெல்ட் நான்கு பேருக்கே இருக்கலாம் என்பதால், அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் தண்ணீரும் இணைப்பாகக் கிடைக்கும் முகாம்களிலேயே தங்குவதானால் தொட்டியின் அளவு பெரிய கவலை இல்லை. காட்டோரம் தங்க விரும்பினால், குடிநீர்த் தொட்டியோடு குளித்த நீரும் கழிவும் சேரும் தொட்டிகளின் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் முதலில் நிரம்புவது குளித்த நீர்த் தொட்டிதான்.

மூன்று வகுப்புகளுமே அமெரிக்காவில் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்க நினைப்போர், விரும்பும் வகையிலேயே ஒரு வண்டியை எடுத்து, வீட்டார் அனைவருடனும் ஒரு வாரமாவது பயணம் செய்துவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது.