கற்பித்துக் கற்றல்

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் பாடசாலைக் காரியாலயத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் உதவுகிறார். அல்லது கீழ்வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இவ்வூழியத்தையும் கல்வியாகக் கொண்டு அதற்குப் புள்ளி வழங்கலாமா? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அவ்வழக்கம் உண்டு. நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் இதன் வேர்களுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே உள்ளது.

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாகி இளையோருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கியவர் அந்திரூ பெல் பாதிரியார். அயலிலிருந்த தமிழ்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே யோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவன் அதனைச் செவ்வனே செய்து காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின்பின் இது 'சென்னை முறை' எனப் பரவலாயிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளால் 1833இல் எழுந்த பள்ளி, ஸ்கொத்லாந்தில் இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

ஆனால் காலப்போக்கில் இம்முறை, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓராசிரியரிடம் விட்டுச் செலவைச் சுருக்கும் உபாயமாயிற்று. சட்டாம்பிள்ளை மனனஞ் செய்ததை ஒப்புவித்தானேயன்றிப் பொருள் விளக்க வல்லவன் அல்லன். பிறருக்குச் செலவிட்ட நேரம் அவன் கல்வியிற் குறைந்தது. 1846இல் இங்கிலாந்து அரசு 'மாணாக்க ஆசிரியர்' முறையை ஏற்படுத்தியது. பதின்மூன்று வயது நிறைந்தோர் ஐந்தாண்டு பயிற்சி பெற்றனர். தலைமையாசிரியர் அவர்களுக்குத் தனியே பாடஞ் சொல்லவேண்டும். ஆண்டுக்கு 10 முதல் 20 பவுண் வரை உதவித்தொகையும் உண்டு. ஊழியங் கொள்வோர் கல்வியும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே அதன் நெறி.

இன்று காங்கேசன்துறையை எண்ணிப் பாருங்கள். 1990இல் போரினால் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்படக் குடும்பங்கள் மீளலாயின. வேற்றூரிற் பயின்று வரும் பிள்ளை புதிய வகுப்பில் வாய்திறக்க அஞ்சும். ஆசிரியரிடம் கேட்கக் கூசுவதை மேல்வகுப்பு அக்காவிடமோ அண்ணாவிடமோ கேட்டுவிடும். அத்துணையின் பயன் பெரிது. எனினும் பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளிக் கணக்கில் அதற்கு இடமில்லை. நற்சான்றுப் பத்திரத்தில் ஒரு வரியே மிஞ்சும்.

அவ்வரியேனும் பொருளுடையதாக மூன்று விதிகள் வேண்டும். முதலாவது, ஊழிய நேரம் பாட நேரத்தை விழுங்கலாகாது. இரண்டாவது, கோவைகளை ஒழுங்குசெய்வதும் நூல்நிலைய இடாப்பு எழுதுவதும் பயிற்சியாகும். தேநீர் சுமப்பது பயிற்சியன்று. பிறர் புள்ளிகளும் குடும்ப விவரங்களும் மாணவர் கையிற் சேரவுங் கூடாது. மூன்றாவது, துணைசெய்யும் மாணவருக்குத் தவணைதோறும் வழிகாட்ட ஓராசிரியர் இருத்தல் வேண்டும்.

ஊழியஞ் செய்த பிள்ளை தான் கற்றது யாதென எடுத்துரைக்க வல்லதாயின், அது கல்வி, மதிப்புக்கு உரியது. எடுத்துரைக்க ஏதுமில்லையாயின், பாடசாலை பெற்றுக்கொண்டது கூலியில்லா வேலையே.