வாகனத்தினுள் உரையாடும் கணினிகள்

2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட தனியார் பாவனை வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டதிலிருந்து, எமது நாட்டில் இருவர் கூடும் இடங்களில் வாகன விலை பேசப்படாமல் இருப்பதில்லை. ஜப்பானில் பாவிக்கப்பட்ட காரொன்றை வாங்க முனைபவர் உற்பத்தி ஆண்டைக் கேட்கிறார். ஓடிய கிலோமீற்றரைக் கேட்கிறார். ஹைபிரிட் என்றால் பற்றரியின் நிலைமையையும் விசாரிக்கிறார். அந்த வாகனத்தினுள் இருக்கும் கணினிகள் தமக்குள் எவ்வாறு பேசிக் கொள்கின்றன என்று எவரும் கேட்பதில்லை. அதனையும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்றே நாம் கருதுகின்றோம்.

இன்றைய காரில் என்ஜினுக்கு ஒரு கணினி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, கதவுப் பூட்டுகளுக்கு ஒன்று, முன்விளக்குகளுக்குக் கூட ஒன்று எனப் பல கணினிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. திரையோ விசைப்பலகையோ இன்றி, இயந்திரத்தினுள் புதைந்திருந்து குறித்த ஒரு பணியை மாத்திரம் ஆற்றுவதால் இவை உட்பொதி கணினிகள் எனப்படுகின்றன. ஒன்று அறிந்ததை மற்றொன்று உடனடியாக அறிந்தாக வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கலாகும். மழையில் நனைந்த வீதியில் சில்லு வழுக்குவதைப் பிரேக் கணினி உணர்ந்தால், என்ஜின் கணினி அக்கணமே விசையைத் தணிக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடந்துவிடுகின்றது. ஒரு செக்கன் பிந்தி வரும் உண்மையால் அங்கு யாதொரு பயனுமில்லை. நிகழ்நேரத் தொடர்பாடல் என்று பொறியியலாளர்கள் கூறுவது வெறுமனே வேகமான தொடர்பாடலை அன்று. குறித்த கால எல்லைக்குள் செய்தி வந்து சேரும் என முன்கூட்டியே உறுதி கூறத்தக்க தொடர்பாடலையே ஆகும்.

இத்தேவைக்காக ஜேர்மனியின் ரொபர்ட் பொஷ் நிறுவனம் 1983 ஆம் ஆண்டு தொடக்கம் உருவாக்கி, 1986 இல் அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் அறிமுகப்படுத்திய முறை 'கான்' எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, வாகனத்தையே கம்பிக் கட்டாக்கிக் கொண்டிருந்த நிலையை இது மாற்றியது. முறுக்கிய இரு கம்பிகள். அவற்றிலேயே எல்லாக் கணினிகளும் இணைந்திருக்கும். ஒன்று பேசும்போது மற்றவை அனைத்தும் கேட்கும்.

அப்படியாயின் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன நடக்கும்? கானின் உண்மையான திறமை இங்குதான் இருக்கின்றது. ஒவ்வொரு செய்தியும் ஓர் இலக்கத்துடன் ஆரம்பமாகின்றது. அந்த இலக்கம் பூச்சியங்களாகவும் ஒன்றுகளாகவும் கம்பியில் செல்லும். பூச்சியமும் ஒன்றும் ஒருங்கே அனுப்பப்பட்டால் கம்பியில் பூச்சியமே நிலைக்கும். ஒன்றை அனுப்பிவிட்டுப் பூச்சியத்தைக் கேட்கும் கணினி, தன்னிலும் முக்கியமான செய்தி செல்வதை உணர்ந்து ஒதுங்கிக் கொள்ளும். வென்ற செய்தியோ, போட்டி நடந்ததையே அறியாமல், ஓர் எழுத்தும் சேதமின்றித் தொடர்ந்து செல்லும். சிறிய இலக்கத்துக்கே முதலிடம். ஆகவே பிரேக் செய்திக்குச் சிறிய இலக்கத்தையும் கண்ணாடி இறக்கும் செய்திக்குப் பெரிய இலக்கத்தையும் கொடுத்துவிட்டால், தலைவர் எவருமில்லாத சபையில் ஒழுங்கு தானாகவே பேணப்படும். எமது சபைகள் சிலவற்றுக்கும் இது வாய்த்திருக்கலாம்.

பெரிய இலக்கம் பெற்ற செய்திகள் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரிடும் என்பதைக் கணிக்கும் முறையை, பிரிட்டனின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் டின்டெல், அலன் பேர்ன்ஸ் ஆகியோர் 1994 இல் வகுத்தனர். அதனை நம்பி வாகனங்கள் வடிவமைக்கப்பட்டன. அக்கணிப்பில் பிழை இருப்பதையும், உரிய நேரத்தில் சேரும் என்று கூறப்பட்ட செய்தி சில வேளைகளில் பிந்தக்கூடும் என்பதையும் 2007 இல் எடுத்துக்காட்டித் திருத்திய ஆய்வாளர்களுள் பேர்ன்ஸும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

செய்தி எப்போது வரும் என்பதில் இத்தனை கவனம் செலுத்தப்பட்ட போதிலும், அதை அனுப்பியவர் யார் என்பது கேட்கப்படவேயில்லை. கான் செய்தியில் அனுப்புநரின் முகவரி கிடையாது. ஒரு செய்தி அதிகபட்சமாக 8 பைட் தகவலையே சுமக்கும். கையொப்பமிட அதில் இடமுமில்லை. 1986 இல் இது குறையாகத் தெரிந்திராது. வெளியார் எவரும் நுழைய முடியாத குடும்பமாகவே வாகனம் அன்று கருதப்பட்டது.

அந்த நம்பிக்கை 2015 ஜூலையில் பகிரங்கமாகவே தகர்ந்தது. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வாகனமொன்றின் இசைக்கருவிக்குள் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக நுழைந்த இரு ஆய்வாளர்கள், அங்கிருந்து கான் கம்பியை அடைந்து, வாகனத்தை நெடுஞ்சாலையில் செயலிழக்கச் செய்து காட்டினர். 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. 2022 இல் லண்டனில் களவுபோன டொயோட்டா கார் தொடர்பான விடயம் இன்னும் எளிமையானது. முன்விளக்கின் கம்பி இணைப்பைக் கழற்றிய திருடர்கள், ப்ளூடூத் ஒலிபெருக்கியின் கூட்டினுள் மறைத்த கருவியை அதில் பொருத்தி, 'சாவி சரியானது' என்ற பொய்ச் செய்தியை அனுப்பினர். காரும் அதனை நம்பிக் கதவைத் திறந்தது. இந்த உத்தியை 2023 இல் விளக்கி எழுதியவர் வேறு யாருமல்லர். யோர்க்கில் கணிப்பு முறை வகுத்த அதே டின்டெல்தான்.

64 பைட் வரை சுமக்கும் புதிய கான் முறையை பொஷ் நிறுவனம் 2012 இல் வெளியிட்டது. அதில் கையொப்பத்துக்கு இடமுண்டு. வாகனங்களின் கணினிப் பாதுகாப்புக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் 155 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2020 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வாகனங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஜப்பானும் அதனை ஏற்றுள்ளது. ஆயினும், இறக்குமதி 2020 இல் நின்றுபோன காரணத்தால், எமது வீதிகளில் ஓடும் வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முந்தியவையே.

பூட்டுப் போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. செய்திகள் கையொப்பமிடப்பட்டால், பழுதான ஒரு கணினியை மாற்றும் கராஜ்காரர் புதியதை மற்றவற்றுக்கு அறிமுகப்படுத்த உற்பத்தியாளரின் இரகசிய எண்ணை நாட வேண்டியிருக்கும். பெரிய முகவர் நிலையங்களுக்கு அது கிடைத்துவிடும். கல்முனையிலோ கிளிநொச்சியிலோ ஒரு சோதனைக் கருவியுடன் தொழில் நடத்துபவருக்கு அது எந்த விலையில், எவரது அனுமதியுடன் கிடைக்கும் என்பதை வாகனங்கள் துறைமுகத்தில் இறங்கும் முன்னரே இறக்குமதியாளர்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்டாக வேண்டும்.