என் பெயரில் யாரோ வாங்கிய கடன்

மூத்தவளை நர்சிங் படிப்பில் சேர்க்கக் கல்விக் கடன் கேட்டு நானும் அவளுமாக வங்கிக்குப் போயிருந்தோம். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் இருக்கேம்மா. ஏழு மாசமா தவணை கட்டலையே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மளிகைக் கடையில்கூட நான் கடன் சொன்னதில்லை!

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எனக்குத் தெரியாம எதுவும் வாங்குனியா?" கடனைவிட அந்த ஒரு வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது.

நம் கடன் விவரங்களைக் குறித்து வைக்க சிபில் முதலாக நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவை நம்முடைய முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மகள் அதை எடுத்துப் பார்த்தாள். போன் செயலி ஒன்றின் மூலம் வாங்கிய 42,000 ரூபாய்க் கடன். பெயர், பிறந்த தேதி, பான் எண் எல்லாம் என்னுடையவை. போன் நம்பர் மட்டும் நான் கண்டதே இல்லை.

அடுத்து அவள் 'சஞ்சார் சாத்தி' என்ற மத்திய அரசின் இணையதளத்தைத் திறந்தாள். 2023 மே மாதம் தொடங்கியதாம். நம் நம்பரைக் கொடுத்து, வருகிற ஓடிபியைப் போட்டால், நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டிவிடும். எனக்கு நான்கு காட்டியது. ஒன்று என்னுடையது, ஒன்று என் பெயரில் அவர் வைத்திருப்பது. மற்ற இரண்டு? அவற்றில் ஒன்றுதான் அந்தக் கடன் நம்பர்!

விஷயம் அப்போதுதான் புரிந்தது. என் பெயரில் ஒரு சிம் இருந்தால், கடன் கொடுக்கிறவன் அனுப்பும் ஓடிபி திருடன் கைக்கே போகும். கூடவே என் கார்டுகளின் நகலும் இருந்துவிட்டால் அவனுக்கு வேறென்ன வேண்டும்?

சிம் எப்படிப் போனது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். முன்பொரு நாள் பஸ் நிற்கும் இடத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்த பையனிடம் சிம் வாங்கியது நினைவுக்கு வந்தது. "ரேகை சரியா விழலக்கா, இன்னொரு தடவை வைங்க" என்று மூன்று தடவை வைக்கச் சொன்னான். நானும் வைத்தேன். அவன்தான் செய்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இப்படித் திரும்ப ரேகை வாங்கி, நமக்குத் தெரியாமல் இன்னொரு சிம் திறப்பது பல ஊர்களில் நடந்திருக்கிறது. 2018-ல் தெலங்கானாவில் ஒரு சிம் வியாபாரி, இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பரில் போலி விரல் செய்தே ஆயிரக்கணக்கான சிம்களைத் திறந்திருக்கிறான்!

ஜெராக்ஸ் நகலை எங்கெல்லாம் கொடுத்தேன் என்று கேட்டால் எனக்கே கணக்கில்லை. காஸ் இணைப்பு, மகளிர் குழு, பள்ளிக்கூடம், 2023-ல் உரிமைத் தொகை முகாம்... சரியாக விழாத நகலைக் கடையிலேயே போட்டுவிட்டு வருகிறோமே, அது எங்கே போகிறது? ஒருநாள் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒரு பெண்ணின் ஆதார் நகல். எண்ணெய்க் கறைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

2022 மே மாதம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் சொன்னதுதான் சரி. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை அவர்களுடைய இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் அது போதும். நகல் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று படத்தின் மேல் படும்படி குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஜெராக்ஸ் கடைத் தம்பி முதலில் சிரித்தான். இப்போது அவனே பேனாவை நீட்டுகிறான்.

கம்ப்யூட்டர் சென்டரில் ஆதாரை இறக்கி பிரிண்ட் எடுத்தால், அந்தக் கோப்பை அழித்த பிறகுதான் எழுந்து வரவேண்டும். அதன் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தானே. ஊருக்கே தெரிந்த ரகசியம்! இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். பெயர், தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாம் அதில் இருக்கிறது.

கைரேகைக்கும் பூட்டு உண்டு. ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால், ஓடிபி இல்லாமலே ஏஜென்ட் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். அதைத் தடுக்க ஆதார் இணையதளத்தில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஒரே தொல்லை, பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது. போகும்முன் திறந்துகொள்ள வேண்டும். என் மாமியார், "அரிசி வாங்கப் போறதுக்கு முன்னால விரலுக்குப் பூட்டைத் திறந்துட்டு வாளா" என்று கேலி பண்ணுகிறார்!

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு சிம்களையும் 'என்னுடையதல்ல' என்று அழுத்தித் துண்டிக்கச் சொன்னோம். 1930-க்குப் போன் செய்து, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அந்தப் புகார் ரசீதை வைத்துக் கடன் கொடுத்தவர்களுக்கும் சிபிலுக்கும் எழுதினோம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு ஈடு தரவேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு இரண்டாம் கடிதம் போட்ட பிறகுதான் பதிலே வந்தது.

அந்தக் கடன் வரி என் அறிக்கையிலிருந்து போன மாதம் நீங்கியது. அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காப்பியை மட்டும் அவரே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். முதல் வருஷக் கட்டணத்துக்கு வைத்த என் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.